காலைப் பிடித்து ஜெயித்தவர்

தலைப்பைப் பார்த்து யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். சடுகுடு விஷயம்தான்.

பாடிப் போய் நாலு பேரைத் தொட்டுவிட்டு வருகிறவனைத்தான் ஊர் தோளில் தூக்கும். மூலையில் நின்று பிடிக்கிறவன் பேர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவன் வேலை பொறுத்திருப்பது. பாடி வருகிறவன் போனஸ் கோட்டுக்காகக் காலை நீட்டுவான். அந்த நேரம் பார்த்துக் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். முந்தினால் தொட்டுவிட்டு ஓடிவிடுவான், பிந்தினால் கால் கிடைக்காது.

தர்மராஜ் சேரலாதன் அப்படி வலது மூலையில் நின்றவர். நம் தஞ்சை ஜில்லா, கல்லணைப் பக்கம் திருச்சென்னம்பூண்டி. 1975-ல் பிறந்தவர். 2014-ல் புரோ கபடி லீக் ஆரம்பித்தபோதே வயது 39. 2016 ஜூலையில், ஹைதராபாத் இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூரை 37-29 என்று பாட்னா பைரேட்ஸ் வென்றபோது அந்த அணிக்கு அவர்தான் கேப்டன். அப்போது 41. அதே அக்டோபரில் ஆமதாபாத்தில் ஈரானைத் தோற்கடித்து உலகக் கோப்பை வாங்கிய இந்திய அணியிலும் இருந்தார். 2019-ல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸ் கேப்டன்! கூட ஆடிய பையன்களுக்கு அவர் 'அண்ணா'. சிலருக்கு அப்பா வயசு இருக்கும்.

பாடிப் போகிறவனுக்கு வயதானால் கால் ஓய்ந்துவிடும். மூலைக்காரனுக்கு வயதாக ஆகத்தான் கண் தெளியும் என்பது என் அபிப்பிராயம். இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

என் அண்ணன் மகனும் மூலைக்காரன்தான். 28 வயதில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது, "போதும்டா, வயசாச்சு, முட்டி போயிடும்" என்று சொன்னது நான். என் பேச்சைத் தட்ட மாட்டான், நிறுத்திவிட்டான். இப்போது உரக்கடையில் இருக்கிறான். 2016 இறுதிப் போட்டியை என் வீட்டு டிவியில்தான் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. சேரலாதன் பாயும்போதெல்லாம் இவன் வலது கை தானாக மூடிக்கொண்டது.

எல்லோரும் சேரலாதன் ஆகிவிட முடியாது, தெரியும். ஆனால் நான் பயந்தது அவன் வயதுக்கு அல்ல, ஆஸ்பத்திரிச் செலவுக்கு. காணும் பொங்கல் போட்டிக்குக் கோப்பை, ஆட்டுக்கிடா, மைக் செட், சீரியல் விளக்கு என்று தாராளமாகச் செலவழிக்கிறோம். முட்டிச் சவ்வு கிழிந்த பையனுக்கு யார் பத்து ரூபாய் எடுத்து வைக்கிறோம்? வெளியே மேட்டில் ஆடுகிறார்கள், நம் பையன்கள் இன்னும் அறுத்த வயலில்தான் விழுந்து எழுகிறார்கள். விளக்கைக் குறைத்து, வசூலில் ஒரு பங்கைக் காயம்படுகிறவர்களுக்கு ஒதுக்க வேண்டும். கமிட்டியில் இதைக் கேட்கப் போகிறேன். சண்டை வரும், வரட்டும்.

பையன்களுக்கு மூலையில் நிற்கச் சொல்லித் தருகிறாயா என்று அண்ணன் மகனையும் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவுதான், சித்தப்பா" என்றான்.