முதியோர்க்கு முதிய இருதயம்

எழுபது வயதினர் ஒருவர்க்கு மாற்று இருதயம் பொருத்தல் தகுமோ என்னும் வினாவுக்கு, இளையோர் பங்கைப் பறித்தலாகாது என விடையிறுப்பார் பலர். அவ்விடை முழுதும் பொருந்துவதன்று.

1967ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆந் திகதி, கேப்ரவுண் நகரிலே வைத்தியர் கிறிஸ்ரியான் பார்னாட் மனித இருதயத்தை மற்றொரு மனிதர்க்கு முதன்முதற் பொருத்தினார். ஏற்றவர் ஐம்பதைக் கடந்தவர். அளித்தவர் 25 வயதுப் பெண். அக்காலந்தொட்டு இளைய இருதயமே விரும்பப்பட்டு வந்தது. காரணமும் உண்டு. வயதேற இருதயத்துக்கு இரத்தமூட்டும் முடியுருநாடிகளிற் கொழுப்புப் படியும். மேலும், குளிரில் வைத்த இருதயத்தை ஏறக்குறைய 4 மணி நேரத்துள் பொருத்தல் வேண்டும்; அத்தாமதத்தை முதிய இருதயம் எளிதிற் பொறாது.

இவையெல்லாம் அறிந்தே, 1992இல் லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக வைத்தியர் புதுவழி வகுத்தனர். வயது மிகுதியால் வழமையான பட்டியலிற் சேராதோர்க்கு வேறொரு பட்டியல் அமைத்து, பிறர் கொள்ளாது ஒதுக்கிய இருதயங்களை அவர்க்கு அளித்தனர். சில இருதயங்களின் அடைபட்ட நாடிகளுக்கு மாற்றுவழி அமைத்துச் செப்பனிட்டுப் பொருத்தினர். மண்ணுக்குப் போகவிருந்த இருதயத்தால் முதியவர் ஒருவர் சில ஆண்டுகள் வாழின், இழந்தார் யாவர்? முதுமையில் எதிர்ப்புச் சத்தி தளர்வதால், பிறர் உறுப்பை உடல் தள்ளிவிடுதலும் முதியோரிடைக் குறைவு. அத்தளர்ச்சியே தொற்றுநோய்க்கு வாயிலாவதும் உண்மை.

எழுபதைக் கடந்தோரையும் தக்கவாறு தேர்ந்து கருதலாமென 2006இல் வெளியான சர்வதேச நெறிமுறைகள் கூறின. வயதை மட்டும் எண்ணி மனிதரை அளத்தல் தவறென்பதை இம்மலரைப் படிக்கும் மூத்த பழைய மாணவர்க்கு யான் உரைக்க வேண்டுவதில்லை. எழுபதிலும் துவிச்சக்கர வண்டியிற் சந்தைக்குச் செல்வாருளர், ஐம்பதிலே படுக்கையாயினாருமுளர்.

யான் அஞ்சுவது வேறொன்று. "முதியவர்தாமே, இது போதும்" என்னும் எண்ணம் வைத்தியசாலையுட் புகுந்துவிடலாகாது. ஒதுக்கிய இருதயமெனின், அஃது இளையோர் எவர்க்கும் உண்மையாகவே பயன்படாததாதல் வேண்டும். நாடிகளைக் கதிர்ப்படம் பிடித்துச் சோதித்தல் வேண்டும். இருதயத்தின் வயதையும் குறையையும் நோயாளரிடம் மறையாது சொல்லல் வேண்டும். அவர் வேண்டாமெனின், முன்போலவே சிகிச்சை தொடர்தல் வேண்டும். அடுத்த இருதயம் வரும்பொழுது அவரை மீண்டும் கேட்டலும் வேண்டும்.