டாக்டராகப் போவது யார்?

'பையன் என்ன செய்கிறான்?' என்று நம் நடுத்தரக் குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள். 'நீட்டுக்குத் தயார்ப்படுத்திக்கொண்டிருக்கிறோம்' என்பார் தகப்பனார். ஊறுகாய்க்கு மாங்காயைத் தயார்ப்படுத்துகிற மாதிரி! மாங்காயிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை, பிள்ளையிடமும் கேட்பதில்லை.

பிளஸ் டூ முடிந்து ஒரு வருஷம். இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு வருஷம். விடுதியோடு கூடிய பயிற்சி நிலையம். கதைப் புத்தகம் கூடாது, விளையாட்டு கூடாது, அக்காள் கல்யாணத்துக்கு அரை நாள் லீவு. ஊரில் பாட்டி படுத்த படுக்கையாகக் கிடந்தால், 'அவனிடம் சொல்லாதே, படிப்பு கெட்டுவிடும்' என்கிறோம். நாளைக்கு ஊரார் வீட்டுப் பாட்டிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கப் போகிறவனிடமிருந்து சொந்தப் பாட்டியின் நோயை மறைக்கிறோம்! இதற்குப் பெயர் வைத்தியப் படிப்புக்கு ஆயத்தமா?

2025ஆம் ஆண்டு வினாத்தாளில் 180 கேள்விகள். நேரம் 180 நிமிஷம். சரியான விடைக்கு 4 மார்க்; தப்பான விடைக்கு ஒரு மார்க் குறையும்; தொடாமல் விட்டால் நஷ்டமில்லை. ஆகவே, 'தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பரீட்சைக்கு அது சாமர்த்தியம்தான். ஆனால் 'நெஞ்சைக் கரிக்குதுங்க' என்று வந்து உட்காருகிற கிழவரை அப்படி விட்டுவிட்டுப் போக முடியுமா? அவருடைய நோய் நாலு விடைகளைக் கையில் ஏந்திக்கொண்டு வருவதில்லை. பொறுமையாகக் கேட்டுக் கேட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மனிதர் பேசுவதையே இரண்டு வருஷம் கேட்காத காது அதை எப்படிக் கேட்கும்?

'மார்க் இல்லாமல் சீட் கொடுப்பார்களா?' என்று நீங்கள் கோபிப்பீர்கள். கொடுக்க மாட்டார்கள். மார்க்கை ஒழித்துவிட்டு நேர்முகம் வையுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. 1970-71 சேர்க்கையில் நம் மாநிலம் நேர்முகத்துக்கு 75 மார்க் வைத்து, அந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. படிக்கட்டும், நன்றாகவே படிக்கட்டும். ஆனால் இதையும் யோசியுங்கள். 2024இல் நீட் எழுதியவர்கள் சுமார் 23 லட்சம் பேர். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம். மிச்சமுள்ள பிள்ளைகளை நாம் எதற்குத் தயார்ப்படுத்தினோம்? பதினெட்டு வயதிலேயே தன்னைத் தோற்றவனென்று நம்புவதற்கா?

பெற்றோர்களே, உறவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையென்றால், அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் துணைக்கு அனுப்புங்கள். சீட்டு வாங்க வரிசையில் நிற்கட்டும். வலியையும் பயத்தையும், அவசரத்துக்கு நடுவிலும் சிரித்துப் பேசுகிற ஒரு நர்ஸம்மாளையும் பார்க்கட்டும். பாட்டியின் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது பக்கத்தில் இருக்கட்டும். படிப்பில் போகும் நஷ்டம் ஒரு நாள்தான். டாக்டர் ஆகிறவனுக்கு அது முதல் பாடம். ஆகாதவனுக்கும் அது வீண் போகாது.

திரும்பி வந்ததும், 'உனக்கு இந்த வேலை பிடிக்கிறதா?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'இல்லை' என்று சொன்னால், அந்த விடைக்கு மார்க்கைக் குறைத்துவிடாதீர்கள்.