பத்து நாளைக்கு எழுதிய மாத்திரை

ஜூன் 26 வந்தால் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போதைக்கு எதிரான உறுதிமொழி வாங்குகிறோம். நல்ல காரியம்தான். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் இருக்கும் அப்பாயியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மன்னார்குடியில் மருந்துக்கடை நடத்தும் எனக்கு அந்த அப்பாயிகளைத்தான் அதிகம் தெரியும்.

அவர்கள் மருந்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தீர்ந்துபோன அட்டையின் ஒரு துண்டை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். "அம்மாடி, இதுல பத்து குடு." பார்த்தால் அல்பிரசோலம், தூக்க மாத்திரை. சீட்டு எங்கே என்று கேட்டால் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு தாள் வரும். வீட்டுக்காரர் இறந்த சமயத்தில் யாரோ ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதியது. அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை.

2014 மார்ச்சிலிருந்து இந்த மாத்திரை எச்1 அட்டவணையில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதியது, யார் வாங்கியது, எத்தனை என்றெல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நான் இல்லை என்றால், "அடுத்த கடையில கேக்காமலே குடுக்குறான்" என்று கிளம்பிவிடுவார்கள். சரி, அங்கும் இல்லை என்று சொல்லிவிட்டால்? வருஷக்கணக்கில் தினமும் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், படபடப்பு வரும், இருக்கிற தூக்கமும் போகும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். டாக்டர் பார்வையில், வாரக்கணக்காகவோ மாதக்கணக்காகவோ, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட முடியும். சட்டமோ என் கல்லாவோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் அந்த அம்மாவை யார் கூட்டிக்கொண்டு போவது? மருந்துக்கடைகளில் ரெய்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது மட்டும் போதாது என்கிறேன்.

வயதானால் இந்த மாத்திரைகள் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவதில்லை. ராத்திரி போட்டது காலையிலும் தள்ளாட வைக்கும். பாத்ரூமுக்கு எழுந்தவர் விழுவார், இடுப்பெலும்பு முறியும். மறதி கூடும், பேச்சு குழறும். வீட்டில் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். பேரன் இப்படித் தள்ளாடினால் சட்டைப்பையைத் துழாவுவோம். பாட்டியின் மாத்திரை டப்பாவை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

தூக்கம் வராததற்குக் காரணம் பல நேரம் வேறு எதுவோவாக இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணி நேரம் படுத்து, சாயந்திரம் ஆறு மணிக்குக் காபி குடித்து, எட்டரைக்கெல்லாம் விளக்கை அணைத்தவருக்கு மூன்று மணிக்கு முழிப்பு வருவது வியாதியே இல்லை. பிரஷருக்காகக் கொடுத்த நீர் பிரியும் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறவர்களையும் பார்க்கிறேன். நாலு தடவை எழுந்து போனால் எப்படித் தூங்குவது? டாக்டரைக் கேட்டு அதைக் காலைக்கு மாற்றியதிலேயே தூக்க மாத்திரையை மறந்தவர்கள் உண்டு. இன்னொன்று. நூறு நாள் வேலைக்குப் போய்வந்த பெண்கள் என்னிடம் தூக்க மாத்திரை கேட்டு வந்தது அபூர்வம். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, கல்லாவில் உட்கார்ந்து பார்த்தது. வெயிலில் நடப்பதும், நாலு பேரோடு வாயாடுவதும், உடம்பு அசதியும் எந்த அட்டையிலும் கிடைக்காதவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாத்தாக்கள் கதை வேறு. சாயந்திரம் ஒரு குவார்ட்டர், அதோடு சர்க்கரை மாத்திரை. வயதாக ஆக உடம்பில் நீர்ச்சத்து குறைவதால், நாற்பது வயதில் தாங்கிய அதே அளவு எழுபதில் தலைக்கேறும். கிளிமிபிரைடு போடுகிறவர் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கிவிடலாம். விழுந்து கிடப்பவரைக் குடிகாரர் என்று ஊர் தாண்டிப் போய்விடும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கக்கூடும். டாக்டர் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. பெரியவரிடம் போய் குடிப்பீர்களா என்று எப்படிக் கேட்பது? இந்த மரியாதையால்தான் ஆபத்து.

முட்டி வலிக்கு "ஒரு செட்டு குடுங்க" என்று வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேப்பரில் மடித்துத் தரும் அந்தச் செட்டில் சில கடைகளில் ஸ்டீராய்டும் இருக்கும். முதல் வாரம் பசிக்கும், தெம்பு வந்ததுபோல இருக்கும். அந்தத் தெம்புக்காகவே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நாளடைவில் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். இதை விற்கிற என் தொழில்காரர்களோடு எனக்குச் சமாதானமே கிடையாது.

செய்ய வேண்டியதற்குப் புது இலாகா எதுவும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள்தான். அவர்களிடம் அப்பாயி மறைக்க மாட்டார். "தூங்குறதுக்கு எதுவும் போடுறீங்களா? ஐயா சாயந்திரம் குடிப்பாரா?" என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்டு, பதிலை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லட்டும். டாக்டர்களும் தூக்க மாத்திரை எழுதும்போது எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதட்டும். வெளிநாட்டிலிருந்து போன் செய்து, "அம்மாவுக்கு மூணு மாசத்துக்குச் சேர்த்துக் குடுத்துடுங்க அக்கா" என்கிற பிள்ளைகளிடம், அந்தச் சீட்டு எந்த வருஷத்தது என்று நான் கேட்கிறேன். பாதிப் பேருக்குத் தெரியாது.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் கிழமையை எங்கள் கடை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கூடவே முதியோர் உதவி எண் 14567, மனநல உதவிக்கான 14416. எழுத்து பொடியாக இருக்கிறது என்று ஒரு தாத்தா சண்டை பிடித்தார். மறுநாளே பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன்.