பாத்திரமும் பொதுப்பெட்டியும்



திருவிருந்துப் பாத்திரத்தை முன்னிட்டு ஒரு தேசத்தில் போர் மூண்டதுண்டு. இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த பொகீமியாவே அத்தேசம். அந்நாளில் விசுவாசிகளுக்கு அப்பம் மட்டுமே கிடைத்தது; ரசம் குருமாருக்கு உரியது. 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் எரிக்கப்பட்ட யான் ஹஸ் என்பவரின் வழிவந்தோர், இரண்டும் எல்லாருக்கும் வேண்டும் என்றனர். அவர்களில் தீவிரமானோர் 1420-இல் ஒரு குன்றின்மேல் குடியேறி, அதற்கு வேதத்திலுள்ள தாபோர் மலையின் பெயரை இட்டனர்.

தாபோரியரின் வாளைப் பற்றியே பலரும் பேசுவர. உழவர் வண்டிகளைக் கோட்டையாக்கிச் சிலுவைப்போர்ப் படைகளை முறியடித்தது மெய். மடங்களை எரித்ததும் மெய். அதை நான் மெச்சேன். என் மனம் அவர்களுடைய பெட்டிகளிலேயே நிற்கிறது. வந்து சேர்ந்தோர் தங்கள் உடைமைகளை விற்று, ஆதித் திருச்சபையாரைப் போலப் பணத்தைப் பொதுப்பெட்டியில் இட்டனர். ஆயினும் அவ்வாண்டு முடியுமுன்னே, தாபோர் சுற்றுப்புறக் குடியானவரிடம் வரி தண்டத் தொடங்கிற்று; முன்பு பிரபுக்கள் தண்டிய அதே வரி! பாத்திரம் பொதுவாயிருந்தது, பெட்டி அப்படியில்லை. 1434-இல் லிப்பானிப் போர்க்களத்தில், மிதவாத ஹஸ்ஸியரும் சேர்ந்தே அவர்கள் படையை அழித்தனர்.

பாத்திரமும் எளிதில் பொதுவாவதில்லை. அதற்கு நம் நாடே சாட்சி. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை கூடாதென்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினர்.

இன்று ஓசூரில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அருகருகே முழங்காலிட்டு ஒரே பாத்திரத்தில் பருகுகிறார்கள். (சாதி நோய் முற்றும் நீங்கிற்று என்று சொல்லத் துணியேன்.) ஆனால் நம் உதவிநிதியின் விதி என்ன? மூன்று மாதம் சந்தா பாக்கி வைத்தவருக்கு உதவியில்லை. ஆலையில் வேலை நின்றவன் சந்தா கட்டுவது எங்ஙனம்? உதவி தேவைப்படும் மாதத்திலேயே அவன் பெயர் அடிபடுகிறது.

இவ்விதியை நீக்கும்படி வரும் சபைக் கூட்டத்தில் கேட்பேன். நிதி குறையும் என்று பொருளாளர் கணக்குக் காட்டுவார். அவர் கணக்கு சரியாகவே இருக்கும். குறைவதை மாதச் சம்பளம் உறுதியாயுள்ள நாம் ஈடுசெய்ய வேண்டும் என்பதே என் கருத்து. பாக்கியை எண்ணிக் கூசி ஆராதனைக்கே வராதிருக்கும் குடும்பங்கள் சிப்காட் பக்கமும் பாகலூர் சாலையிலும் உண்டு. அவர்களையும் அக்கூட்டத்திற்கு அழைத்து வாருங்கள்.