துண்டுக்குள் நுழைந்த கைகள்

எங்கள் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மாட்டுச் சந்தையில் சிறுவனாக நான் வாய் பிளந்து பார்த்த காட்சி ஒன்று உண்டு. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போர்த்திக்கொள்வார். துண்டுக்கடியில் முதலில் விற்பவர் விரலைப் பிடிப்பார்; பிறகு வாங்குபவர் விரலைப் பிடிப்பார். எந்த விரலுக்கு எத்தனை ரூபாய் என்பது அவர்களுக்கு மட்டுமே வெளிச்சம். அத்தனை மறைவிலும் ஒரு நாணயம் இருந்தது. தரகர் தமக்கே மாடு பிடிக்கிறார் என்று தெரிந்துவிட்டால் அவருடைய விலையை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். விலை சொல்பவர் வேறு, வாங்குபவர் வேறு. மாட்டுத் தரகருக்குத் தெரிந்த இந்தத் தர்மம் பழம்பொருள் நிபுணர்கள் எனப்படும் மேதாவிகளுக்குத் தெரியவில்லை என்பதே என் வழக்கு.

அமெரிக்காவில் 1997-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. 'ஆன்ட்டிக்ஸ் ரோட் ஷோ' என்று பெயர். ஜனங்கள் வீட்டுப் பரணில் கிடந்த சாமான்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நிபுணர் புரட்டிப் பார்த்து விலை சொல்வார். ஒரு மனிதர் பழைய போர்வாள் ஒன்றைக் கொண்டுவந்தார். சின்ன வயதில் இதை வைத்துத் தர்ப்பூசணி வெட்டினேன் என்றார். நிபுணர் ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புச் சொன்னதும் நாடே பூரித்தது. பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் முன்கூட்டி ஒத்திகை பார்த்த நாடகம்! ரஸ் பிரிச்சர்ட், ஜார்ஜ் ஜூனோ என்ற அந்த இரண்டு நிபுணர்களும் உள்நாட்டுப் போர்த் தளபதி பிக்கெட்டின் வாரிசிடம் அவருடைய உடைமைகளை வாங்கி, சுமார் பத்து மடங்கு விலைக்கு விற்றார்கள். வழக்கு வந்தது; இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

தனிமனிதர் இருவர் செய்த தப்பு என்று ஒதுக்கிவிடலாமா? உலகத்தின் இரண்டு பெரிய ஏல நிறுவனங்களான சோதபீஸும் கிறிஸ்டீஸும் கமிஷன் விகிதத்தை இரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டது அம்பலமாயிற்று. சோதபீஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மன் குற்றவாளி என்று 2001-ல் தீர்ப்பாகி, மறு வருஷம் சிறைக்குப் போனார். எதிரெதிரே நின்று போட்டியிடுவதாக நாம் நம்பிய இரண்டு தரகர்களின் கைகளும் ஒரே துண்டுக்குள் இருந்தன.

நம் ஊர்ச் சமாசாரத்துக்கு வருகிறேன். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் களவு போனார். நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய சுபாஷ் கபூர் 2008-ல் அவரை 50 லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்றார். ஒரு சூடான் நாட்டு ராஜதந்திரி டில்லியில் இருந்தபோது வாங்கியது என்று காகிதம் காட்டினார்கள். காகிதம் பொய். அந்த நடராஜர் கோயிலிலேயே இருந்ததைக் காட்டும் 1994-ம் வருஷப் புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. 2014-ல் சிலை திரும்பி வந்தது. கபூருக்கு, உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022-ல் பத்து ஆண்டு தண்டனை கிடைத்தது. சிலையின் வளைவிலும் நெளிவிலும் சோழர் காலத்தைக் கண்டுகொண்ட கண்களுக்கு, அந்தக் காகிதத்தில் பொய் மட்டும் தெரியவில்லையாம். 50 லட்சம் டாலர் கைமாறுகிற இடத்தில் இந்தக் குருட்டுத்தனத்தை நான் நம்பத் தயாரில்லை.

"நாங்கள் வாங்கியிராவிட்டால் அவை உருகிப் பாத்திரமாகியிருக்கும்" என்று சில கனவான்கள் சொல்கிறார்கள். கலையைக் காப்பாற்றுகிறார்களாம்! காப்பாற்றுவது எப்படி என்று டக்ளஸ் பாரெட் என்ற ஆங்கிலேய அறிஞர் காட்டியிருக்கிறார். சிவபுரம் கோயிலில் இருக்கும் நடராஜர் அசல் அல்ல, புதிதாகச் செய்த போலி என்று 1965-ல் வெளியான தம் நூலில் எழுதினார். அசலை நார்ட்டன் சைமன் என்ற அமெரிக்கச் செல்வர் வாங்கியிருந்தது பின்னால் வெளிப்பட்டு, 1986-ல் சிலை இந்தியா திரும்பியது. பாரெட்டுக்கும் அதே கண்தான், அதே படிப்புத்தான். அவர் அதை உண்மை சொல்வதற்குப் பயன்படுத்தினார்.

இவ்வளவு ஆத்திரம் எனக்கு ஏன்? சொல்லிவிடுகிறேன். பெரியப்பா காலமான பிறகு, எங்கள் பெரியம்மா வீட்டுக்கு ஒரு நிபுணர் வந்தார். தொலைக்காட்சியில் முகம் காட்டியவர் என்று ஊரே வாசலில் கூடிவிட்டது. வெண்கல அன்ன விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது எடைக்குத்தான் போகுமுங்க, ஆத்தா. உங்களுக்காக நானே எடுத்துக்கறேன்" என்றார்.

"படிச்சவங்க நீங்க பாத்துச் சொன்னாச் சரிதானுங்க" என்றார் பெரியம்மா.

ஆறு மாதம் கழித்துக் கோயமுத்தூரில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் அதே விளக்கைக் கண்டேன். அன்னத்தின் ஒடிந்த அலகுகூட அப்படியே இருந்தது. சீட்டில் இருந்த விலை, பெரியம்மாவின் ஒரு வருஷச் சாப்பாடு. அவர் மனமொப்பித்தானே கொடுத்தார் என்று கேட்பீர்கள். விலை தெரியாதவரின் சம்மதத்துக்குப் பெயர் சம்மதமா?

1972-ம் வருஷச் சட்டம் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. நல்லது. விலை மதிப்பவன் அந்தப் பொருளை வாங்கவும் கூடாது என்று ஒரு வரி சேர்க்கட்டும். அதுவரை நமக்கு நாமே காவல். உங்கள் வீட்டு விளக்கை ஒருவர் கையில் எடுத்தால், "வாங்கப் போகிறவர் நீங்கள்தானா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். விளக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.