‘எனக்குத் தகுதியில்லையோ?’ - இந்தச் சந்தேகம் உங்களுடையதா, உங்க ஆபீஸுடையதா?

"ஃப்ரீயா இருந்தா ஒரு கால் பேசலாமா?"

மேனேஜரிடமிருந்து இப்படி ஒரே ஒரு வரி வருகிறது. எதற்கு என்று அதில் இல்லை. அடுத்த பத்து நிமிடம் உங்கள் மண்டைக்குள் என்னென்ன ஓடும்? போன வாரம் அனுப்பிய ஃபைலில் தப்பா, நேற்று மீட்டிங்கில் வாயைத் திறக்காததைக் கவனித்துவிட்டாரா, லிஸ்ட்டில் நம்ம பேரும் இருக்கா... கடைசியில் அவர் கேட்டது, அடுத்த வாரம் யார் யார் லீவு என்பதாக இருக்கும். ஆனால், அந்தப் பத்து நிமிடப் படபடப்பு நிஜம்.

‘எல்லாருக்கும் இருக்கிற டென்ஷன்தானே’ என்று இதைத் தள்ளிவிட முடியாது. இரண்டு ஆண்டுகளாக வருகிற செய்திகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் வாரத்துக்கு 90 மணி நேர வேலை பற்றிப் பேசியது வைரலானது. 2023-ல் நாராயண மூர்த்தி 70 மணி நேரம் சொன்னபோதே கொதித்தவர்கள் நாம். இதற்கு நடுவில் ‘உங்க வேலையை ஏஐ பார்த்துக்கும்’ என்று தினமும் ஒரு ரீல்ஸ்.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டே வேலை செய்கிற ஒருவருக்கு, ‘நான் இதுக்கு லாயக்கா?’ என்ற கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சர்யம். ஆனால், அந்தக் கேள்விக்கான பதிலை நாம் நமக்குள்ளேயே தேடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரச்னை மனசிலா, மேஜையிலா?

2024 ஜூலையில் புனேயில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்த 26 வயது சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் உயிரிழந்தார். கேரளத்தைச் சேர்ந்த அந்தப் பெண், வேலையில் சேர்ந்து நான்கே மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய அம்மா நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மகளுக்குப் பதற்றமும் தூக்கமின்மையும் தொடங்கின, ஆனாலும் உழைத்தால் ஜெயிக்கலாம் என்று நம்பித் தன்னை வருத்திக்கொண்டே இருந்தாள் என்று அவர் எழுதியிருந்தார். வேலைச்சுமைதான் மரணத்துக்குக் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை.

அந்த நாள்களில்தான் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி விழாவில் பேசிய மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீடுகளும் கல்வி நிறுவனங்களும் கற்றுத்தர வேண்டும் என்ற பொருளில் பேசினார். கடும் விமர்சனம் எழுந்ததும், பாதிக்கப்பட்டவரைக் குறைசொல்லும் நோக்கம் தனக்கு இல்லை என்று விளக்கம் கொடுத்தார்.

அமைச்சரின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். வேலையில் ஒருவர் தடுமாறினால், ‘அவங்க ஸ்ட்ராங்கா இல்லை’ என்பதுதான் நம் ஊரில் முதலில் வருகிற பதில். ‘அந்த வேலை எப்படி இருந்தது?’ என்ற கேள்வி கடைசியில்தான் வரும், சில நேரம் வராமலே போகும்.

‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்ற வார்த்தையை இன்ஸ்டாவில் நூறு முறையாவது பார்த்திருப்பீர்கள். நன்றாக வேலை செய்தும், ‘நான் எல்லாரையும் ஏமாத்திட்டு இருக்கேன், ஒருநாள் மாட்டிப்பேன்’ என்று நினைக்கிற மனநிலை. 1978-ல் அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் இருவரும் சாதித்த பெண்கள் 150-க்கும் மேற்பட்டோருடன் பழகிய அனுபவத்திலிருந்து இதை எழுதினார்கள். அவர்கள் இதை நோய் என்று சொல்லவில்லை, ஓர் அனுபவமாகத்தான் விவரித்தார்கள். ‘சிண்ட்ரோம்’ என்ற வால் பின்னால் ஒட்டிக்கொண்டது. 2021-ல் ருச்சிகா துல்ஷ்யன், ஜோடி-ஆன் ப்யூரி இருவரும் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வில் இதை எதிர்த்தே எழுதினார்கள். ஒருவரைத் தொடர்ந்து சந்தேகப்பட வைக்கிற அலுவலகத்தை விட்டுவிட்டு, அந்த நபரைச் சரிசெய்யப் பார்ப்பது ஏன் என்பதே அவர்களின் கேள்வி.

ரேட்டிங், மார்க் ஷீட் இல்லை

அப்ரைசலில் குறைவான ரேட்டிங் வந்தால், பிளஸ் டூவில் ஃபெயிலானதுபோல உடைந்துபோகிறோம். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. பரீட்சையில் வகுப்பே நூறு எடுக்கலாம். பல நிறுவனங்களில் இருக்கும் ‘பெல் கர்வ்’ முறையில் அது முடியாது. பத்துப் பேர் டீமில் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் நடுவில், ஒருவராவது கீழே என்று முன்பே பங்கு பிரித்துவிடுவார்கள். பத்துப் பேருமே நன்றாகச் செய்திருந்தாலும் யாரோ ஒருவர் கீழே போயாக வேண்டும். ஊழியர்களை இப்படி வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைவிட்டது. நம் ஊரில் பல இடங்களில் அது வேறு வேறு பெயர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

‘பெஞ்ச்’சும் அப்படித்தான். கிளையன்ட் பட்ஜெட்டைக் குறைத்தால் புராஜெக்ட் முடியும். அதில் இருந்தவர்கள் பெஞ்ச்சுக்கு வருவார்கள். அதில் அவர்கள் திறமைக்கு என்ன பங்கு? ஆனால், டிசிஎஸ் 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாள்கள் கிளையன்ட்டுக்குக் கணக்குக் காட்டும் வேலையில் இருக்க வேண்டும். பெஞ்ச்சுக்கு 35 நாள்கள்தான். மார்க்கெட் மந்தமாக இருக்கும்போது புராஜெக்ட் கிடைக்காதது, ஊழியரின் கணக்கில் எழுதப்படுகிறது. அதைப் பார்த்து அவரும் ‘நம்மகிட்டதான் ஏதோ குறை’ என்று நம்ப ஆரம்பிக்கிறார்.

முதல் தலைமுறைக்குக் கூடுதல் சுமை

மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவிகிதம். இந்தியச் சராசரி 28.4. பெருமையான கணக்கு. இதன் இன்னொரு பக்கம், ஓ.எம்.ஆரில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு நடக்கிறவர்களில் ஏராளமானோர், வீட்டிலிருந்து முதன்முதலாக ஆபீஸ் வேலைக்கு வந்தவர்கள்.

அப்பாவுக்கு வயல் வேலை தெரியும், கடை வியாபாரம் தெரியும். ‘மேனேஜர் மெயிலுக்கு எப்படிப் பதில் போடணும், சம்பள உயர்வை எப்படிக் கேட்கணும்’ என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. பக்கத்து சீட்டில் இருப்பவரின் அப்பா வங்கி அதிகாரியாக இருந்திருப்பார். இதெல்லாம் அவருக்குச் சாப்பாட்டு மேஜையிலேயே கிடைத்திருக்கும். அவர் சரளமாக இங்கிலீஷில் பேசும்போது, தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர் வாயை மூடிக்கொள்கிறார். ‘கேட்டா, தெரியாதுன்னு நினைச்சிடுவாங்களோ’ என்ற பயத்தில் கேட்காமலே விடுகிறார். கேட்காததால் தப்பு நடக்கிறது. தப்பு நடந்ததும் ‘பார்த்தியா, நமக்கு இது செட் ஆகாது’ என்று மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது.

இங்கே குறைவது அறிவு இல்லை, பழக்கம். பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் வரும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும், அவ்வளவுதான்.

அப்போ என்ன செய்யலாம்?

‘பாசிட்டிவ்வா நினைங்க’ என்று சொல்லப்போவதில்லை. அடுத்த முறை அந்தச் சந்தேகம் வரும்போது, அதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

*எனக்கு இன்னும் தெரியாத விஷயமா?* அப்படியென்றால் அதற்கு ஒரு பெயர் வையுங்கள். ‘நான் வேஸ்ட்’ என்பதைச் சரிசெய்ய முடியாது. ‘எக்ஸெல்லில் பைவட் டேபிள் போடத் தெரியலை’ என்பதை இந்த வாரமே சரிசெய்யலாம். பெயர் வைத்ததும் பயம் பாதியாகச் சுருங்கும்.

*யாரும் எனக்குச் சொல்லாத விஷயமா?* மேனேஜர் என்ன நினைக்கிறார் என்று தெரியாதபோது, அந்த வெற்றிடத்தை நம் கற்பனை நிரப்பிவிடும். அதனால் கேட்டுவிடுங்கள். ‘நான் எப்படிப் பண்றேன்?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘குட், குட்’ என்றுதான் பதில் வரும். "இந்த மாசம் நான் முடிச்சதுல எது உங்களுக்கு உபயோகமா இருந்துச்சு? ஒரே ஒரு விஷயம் மாத்தணும்னா எதை மாத்தணும்?" என்று கேளுங்கள். அதற்கு அவரால் மழுப்ப முடியாது. சொன்னதை ஒரு சின்ன மெயிலாக அவருக்கே அனுப்பிவையுங்கள். ‘கால் பேசலாமா’ என்று மொட்டையாக மெசேஜ் வந்தால், "கண்டிப்பா சார், எதைப் பத்தின்னு சொன்னா டீடெய்ல்ஸ் எடுத்து வெச்சுக்கிறேன்" என்று பதில் போடலாம். அதில் தப்பே இல்லை.

*என் கையிலேயே இல்லாத விஷயமா?* கிளையன்ட் பட்ஜெட், நிறுவனத்தின் லாபக் கணக்கு, அமெரிக்க மார்க்கெட்... இவற்றை இரவு இரண்டு மணிக்கு விழித்து யோசித்து நீங்கள் மாற்ற முடியாது. தயாராக மட்டும் இருக்க முடியும். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கப் பாருங்கள். ‘வேலை போனா அடுத்த மாசம் இ.எம்.ஐ எப்படி?’ என்ற பயம் இருக்கும்வரை எந்த மூச்சுப் பயிற்சியும் முழுசாக உதவாது. ரெஸ்யூமை வருடத்துக்கு இரண்டு முறை புதுப்பித்து வையுங்கள். ஒருவேளை ஹெச்.ஆர் அழைத்து, ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், அந்த அறையிலேயே போட்டுவிடாதீர்கள். "படிச்சுப் பார்க்க டைம் வேணும்" என்று கேட்டு வெளியே வாருங்கள். நீங்களாக ராஜினாமா செய்வதும், அவர்கள் உங்களை நீக்குவதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. வழக்கறிஞரிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

கூடவே ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ‘இந்த வாரம் நான் முடிச்சது என்ன, அது யாருக்கு உதவியது’ என்று மூன்று வரி எழுதுங்கள். கம்பெனி ரகசியங்கள் அதில் வேண்டாம். பதற்றத்தில் இருக்கும் மனசு, வாங்கிய திட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, செய்த வேலையை மறந்துவிடும். ஆறு மாதம் கழித்து அப்ரைசல் படிவத்தை நிரப்பும்போது அந்தக் குறிப்புகள் சாட்சியாக இருக்கும்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

சில வாரங்களாகத் தூக்கம் சரியில்லை, ஆபீஸ் நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிடித்த சாப்பாடுகூட இறங்கவில்லை என்றால், அது மூன்று வரிக் குறிப்பில் தீராது. மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை போன்றவையும் படபடப்பைத் தரும் என்பதால் முதலில் பொது மருத்துவரிடம் போனாலும் நல்லதுதான்.

‘கீழ்ப்பாக்கம் போ’ என்பதை இன்றும் திட்டாகவே பயன்படுத்துகிற ஊர் இது. அந்தக் கூச்சம் புரிகிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் ‘டெலி மனாஸ்’ எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ‘வாழவே பிடிக்கலை’ என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். உடனே அந்த எண்ணை அழையுங்கள், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு, மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆபீஸில் கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸையும் எடுத்துப் பாருங்கள். உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் கவுன்சலிங் செலவு கிடைக்குமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும்.

ஆபீஸும் மாறணும்

மனச்சோர்வு, பதற்றம் இரண்டால் மட்டும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாள்களை இழக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அத்தனை பேரும் ‘ஸ்ட்ராங்கா இல்லாதவங்க’ என்று சொல்லிவிட முடியுமா?

பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் சுப்ரியா சுலே எம்.பி அதற்கான மசோதாவை 2025 டிசம்பரில் மக்களவையில் மறுபடி கொண்டுவந்தார். தனிநபர் மசோதா ஒன்று கடைசியாக இங்கே சட்டமானது 1970-ல். அதனால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

ஆனால், நம் மாநிலத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. துணிக்கடைகளில் 10, 12 மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்களின் கால்வலி, பல காலம் அவர்களுடைய சொந்தப் பிரச்னையாகத்தான் பார்க்கப்பட்டது. ‘வேலைன்னா அப்படித்தான்’ என்றார்கள். 2021-ல் கேரளத்தைத் தொடர்ந்து தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. கால்வலிக்குக் காரணம் கால் இல்லை, நாற்காலி இல்லாததுதான் என்று அரசு ஒப்புக்கொண்ட நாள் அது.

உங்கள் பதற்றத்திலும் அப்படி ஒரு பங்கு இருக்கலாம். உங்களுக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்த்தால், இன்றைக்கே அதை மாற்றத் தொடங்கலாம். அடுத்த முறை அவர்களை அழைக்கும்போது, எதற்கு என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.