மிளகாய்ச் செடிக்கு என்ன மருந்து சார்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாக வாசியுங்கள். இது மாடியில், பால்கனியில், வீட்டுக்குள் தொட்டி வைத்துச் செடி வளர்ப்பவர்களுக்காக எழுதியது. செடியே வளர்க்காதவர்களும் வாசிக்கலாம். காரணம் போகப் போகத் தெரியும்.

போன வாரம் திருத்தங்கலிலிருந்து ஒரு பழைய மாணவி நம் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். மாடித் தொட்டியில் மிளகாய்ச் செடி, இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது. "சார், இதுக்கு என்ன மருந்து?" என்று கேட்டிருந்தாள். நான் பதில் எழுதுவதற்குள் ஐந்தாறு பதில்கள் வந்துவிட்டன. மோனோகுரோட்டோபாஸ் ஒரு மூடி ஊற்றி அடி, ரெண்டே நாளில் சரியாகிவிடும் என்றார் ஒருவர். இன்னொருவர் புகையிலையை ஊறவைத்து அடிக்கச் சொன்னார். மூன்றாமவர், "நம்ம ஊர்ல கந்தகத்துக்கா பஞ்சம்? ஆலையில ஒரு பொட்டலம் கேட்டு வாங்கித் தூவு" என்று எழுதியிருந்தார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். வாசிக்க வாசிக்க எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

மருந்து என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் மூன்று அர்த்தம். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மருந்து. பயிருக்கு அடிப்பதும் மருந்து. பட்டாசுக்குள் செலுத்துவதும் மருந்து. இந்த மூன்றாவது மருந்தை எப்படிக் கையாள வேண்டும் என்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கலவை அறை தனியாக இருக்க வேண்டும். ஒரு அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. இந்த விதிகளை மீறியபோதெல்லாம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆசிரியர் தினம் அது. சுமார் 40 பேரை ஒரே நாளில் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகு ஆசிரியர் தின வாழ்த்து சொல்லி நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் எனக்கு அந்த மதியம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பட்டாசு மருந்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், பூச்சி மருந்தை மட்டும் சமையலறை அலமாரியிலும் மாடிப்படிக்கு அடியிலும் வைத்துக்கொள்கிறோம். பூச்சி மருந்தும் வீட்டுக்குள் இருக்கக்கூடாத மருந்துதான். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால், நானே இந்தத் தப்பைச் செய்தவன். ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு மாடியில் கத்தரியும் வெண்டையும் போட்டேன். கத்தரியில் காய்ப்புழு விழுந்தது. தெரிந்த விவசாயி ஒருவரிடம் கொஞ்சம் மருந்து வாங்கி, காலியான மாம்பழ பான பாட்டிலில் ஊற்றி, படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். முப்பத்துச் சொச்சம் வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன், பாட்டிலில் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. விடுமுறைக்கு வந்த நாலு வயதுப் பேத்தி அந்தப் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, மூடி தெறக்க வரல, தெறந்து குடு" என்று நீட்டினாள்.

மூடி இறுக்கமாக இருந்தது. அவ்வளவுதான் நான் செய்த புண்ணியம். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. என் மனைவி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

குழந்தைகள் மட்டும் இல்லை, பெரிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் பெரிய பெயர். அந்தப் பெயருக்கு ஆசிரியர்களாகிய நாங்களும் உழைத்தோம், பெருமையும் பட்டோம். தேர்வு முடிவு வரும் வாரம் சில வீடுகளில் எப்படி இருக்கும் என்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். மனம் உடைந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பல சமயம் உயிரை முடிவு செய்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பிள்ளை எழுந்துவிடும்.

இது என் ஊகம் அல்ல. 1990-களில் இலங்கையில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தார்கள். அடுத்த 20 ஆண்டுகளில் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. விளைச்சல் அதனால் சரியவும் இல்லை. 2023-ல் தமிழ்நாடு அரசும் இதே காரணத்துக்காக மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை போட்டது. அந்த மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்கக்கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே சொல்லிவிட்டது. அதைத்தான் நம் குழுவில் "ஒரு மூடி ஊற்று" என்று எழுதுகிறோம்.

சரி, அந்த மருந்து வேண்டாம், பூச்சியை என்ன செய்வது?

முதலில் இலையைப் புரட்டிப் பாருங்கள். நோய் தெரியாமல் மாத்திரை போடுவோமா? மிளகாய் இலை மேல்நோக்கிப் படகு மாதிரிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு போனால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இரண்டும் கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது. ஒரு கைக்கண்ணாடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல கருவி மாடித் தோட்டத்துக்கு இல்லை. இந்தச் சிலந்தி பூச்சி இனமே அல்ல, அதற்கு எட்டுக் கால் என்று எட்டாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ! பல பூச்சிக்கொல்லிகள் இந்தச் சிலந்தியைச் சரியாகக் கொல்வதில்லை. அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்றுவிடும். அதனால்தான் மருந்து அடித்த பத்தாம் நாள் சிலந்தி முன்னைவிட அதிகமாகிறது.

மூடிய இடத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர் ஒருவர் குளிர்காலத்தில் கருவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைப்பார். ஒவ்வொரு வருஷமும் சிலந்தியும் செதில் பூச்சியும் அப்பிக்கொள்ளும். "உள்ளே பூச்சி எப்படி சார் வருது?" என்று கேட்பார். அது செடியோடு சேர்ந்தே உள்ளே போகிறது. உள்ளே மழை இல்லை, காற்று இல்லை, பொறிவண்டு இல்லை. ஹீட்டர் போட்ட வறண்ட அறை சிலந்திக்குச் சொர்க்கம். நம் ஊர் சித்திரை வெயிலில் மழை படாத பால்கனியும் அப்படித்தான்.

ஆகவே புதுச் செடி வாங்கினால் இரண்டு வாரம் மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அசுவினி, சிலந்தி, மாவுப்பூச்சியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அதிகம் தாக்கிய நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். தொட்டியில் எறும்பு ஏறினால் கவனியுங்கள். இனிப்புக் கழிவுக்காக அசுவினியை எறும்பு மாடு மாதிரி மேய்க்கும், நல்ல பூச்சிகளை விரட்டும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தளதளவென்ற இலை நமக்கு அழகு, அசுவினிக்கு விருந்து.

இதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இலை கருகும். முதலில் ஒரு கிளையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடியில் நனையும்படி அடியுங்கள். வாரம் ஒருமுறை மூன்று வாரம் அடிக்க வேண்டும், ஏனென்றால் இன்று தப்பிய முட்டைகள் அடுத்த வாரம் பொரிக்கும். வேம்பு பூச்சியை உடனே கொல்லாது. தின்னவும் தோல் உரித்து வளரவும் விடாமல் தடுக்கும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே ஆகலையே சார்" என்று போன் போடாதீர்கள்.

இயற்கை என்ற பெயர் இருந்தால் ஆபத்து இல்லை என்றும் நினைக்காதீர்கள். புகையிலைக் கரைசலில் இருப்பது நிகோடின். அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் விஷம். புகையிலை வழியாக மிளகாய், தக்காளிக்கு வைரஸ் நோயும் தொற்றலாம். அரளி இலைக் கரைசலும் விஷம்தான். வேப்பெண்ணெயைக்கூடச் சிறு குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கு ஆபத்து உண்டு. அதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

கந்தகம் பற்றிச் சொன்னவருக்கு. சிலந்திக்கும் சாம்பல் நோய்க்கும் கந்தகம் நல்லதுதான். ஆனால் அது கடையில் விற்கும் நனையும் கந்தகம். லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம். கடும் வெயில் காலத்தில் அடித்தால் இலை கருகும். எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் அடிக்கக்கூடாது. ஆலையிலிருந்து வரும் பொட்டலத்தில் கந்தகத்தோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்தால் லேசான உராய்வே போதும் என்பதால்தான் அந்தக் கலவை 1992-லேயே தடை செய்யப்பட்டது. தயவுசெய்து ஆலைப் பொருள் எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

இப்படிப் பொறுமையாக இருந்தால் பூச்சி எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடாதா என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி வந்தது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்த மாதிரி ஆக்கியது. விவசாயிகள் அடிக்காத மருந்து இல்லை. அடங்கவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் பிறவி எதிரிகளான மூன்று வகைச் சிறு குளவிகளை வரவழைத்தார்கள். பெங்களூரு ஆய்வு நிலையமும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டன. எள்ளைவிடச் சிறிய குளவி. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மருந்து அடித்துக்கொண்டே இருந்த தோட்டத்தில் அந்தக் குளவி பிழைத்திருக்குமா, யோசித்துப் பாருங்கள்.

விவசாயம் செய்யும் உறவினர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம். கடன் வாங்கி இரண்டு ஏக்கர் வத்தல் போட்டவருக்கு ஒரு பூச்சி வந்தால் அது வாழ்க்கைப் பிரச்சினை. அவருக்கு உபதேசம் செய்ய நான் வரவில்லை. நான் பேசுவது பத்துத் தொட்டி வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களிடம். நமக்கு அதிகபட்ச நஷ்டம் என்ன? நாலு மிளகாய்ச் செடி. சந்தையில் கால் கிலோ பச்சை மிளகாய் என்ன விலை? அந்தச் செடி செத்தால் சாகட்டும். பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு விதை ஊன்றுங்கள். அதைக் காப்பாற்ற ஒரு பாட்டில் விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது எந்தக் கணக்கிலும் வராது.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பரண், படிக்கட்டு, குளியலறை என்று எல்லா இடத்திலும் பாருங்கள். பழைய பூச்சி மருந்து, எலி மருந்து இருந்தால் கையுறை போட்டு எடுத்து, பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். சாக்கடையிலோ கண்மாயிலோ ஊற்றாதீர்கள். அப்புறப்படுத்தும் வழியைப் பக்கத்து வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். அப்படியே வீட்டில் வாடிய முகம் ஏதாவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். எனக்கும் எந்நேரமும் பேசலாம்.

திருத்தங்கல் மாணவியின் செடியில் இருந்தது இலைப்பேன். தண்ணீர் அடித்தாள், ஒரு முறை வேப்பெண்ணெய் அடித்திருக்கிறாள். நேற்று அனுப்பிய படத்தில் புதுத் துளிர் இரண்டு நேராக வந்திருக்கிறது. மூன்றாவது இன்னும் சுருண்டுதான் இருக்கிறது. "பார்த்துக்கிட்டே இரும்மா" என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுச் செடி எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். இலையின் அடிப்பக்கப் படமும் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்